விஷன் தெரபி: யாருக்குப் பலன், யாருக்குப் பணம் மட்டும் செலவு?

மாறுகண், இருகண் பார்வைக் கோளாறு பார்க்கும் பிரிவில் வேலை செய்யும் ஆப்டோமெட்ரிஸ்ட் (கண் பார்வையைப் பரிசோதிப்பவர்) நான். விஷன் தெரபி எனப்படும் கண் பயிற்சி பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மகன் ஐந்தாம் வகுப்பு. படிக்க உட்கார்ந்தால் வரி தாவுகிறான், கொஞ்ச நேரத்தில் தலைவலி என்கிறான். கண் டாக்டர் 6/6, பிரச்சினை இல்லை என்றார். பள்ளியில் விஷன் தெரபிக்குப் போகச் சொல்கிறார்கள்.

6/6 என்றால் தூரத்து எழுத்து தெரிகிறது, அவ்வளவுதான். புத்தகம் படிக்க இரண்டு கண்ணும் சேர்ந்து மூக்குப் பக்கம் திரும்ப வேண்டும், உள்ளே இருக்கும் லென்ஸும் கிட்டத்துப் பார்வைக்குக் குவிய வேண்டும், அந்த நிலையில் வரி முடியும்வரை தாக்குப்பிடிக்கவும் வேண்டும். இது சரியாக நடக்காத பிள்ளைகள் நிறையப் பேர். சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, மாறுகண் இல்லாமலே இப்படிப்பட்ட கோளாறு இருந்தவர்கள் நகரத்திலும் கிராமத்திலும் ஏறக்குறைய 30 சதவீதம் இருந்தார்கள். எல்லோருக்கும் சிகிச்சை தேவைப்படும் என்று இதற்கு அர்த்தம் கிடையாது, தொந்தரவு இருந்தால்தான்.

முதலில் சொட்டு மருந்து விட்டு பவர் பார்த்தார்களா என்று கேளுங்கள். மறைந்திருக்கும் பிளஸ் பவர் (தூரப்பார்வைக் கோளாறு) சாதாரணப் பரிசோதனையில் தப்பிவிடும், அது இருந்தால் கண்ணாடி போட்டாலே பாதித் தொல்லை போய்விடும். அப்புறம் பேனா முனையை மூக்கை நோக்கிக் கொண்டுவந்து எங்கே இரண்டாகத் தெரிகிறது என்று அளப்பார்கள். 6 செ.மீ. அளவுக்குக் கிட்டே வருவதற்கு முன்னாலேயே இரண்டானால், மற்ற அளவுகளையும் சேர்த்துப் பார்த்து, கன்வர்ஜென்ஸ் குறைபாடு, அதாவது கிட்டத்தில் பார்க்கும்போது இரண்டு கண்ணும் போதிய அளவு உள்பக்கம் திரும்பாத குறை, என்று முடிவுக்கு வருவோம். விஷன் தெரபிக்கு உறுதியான ஆதாரம் இருப்பது இதற்குத்தான்.

கேள்வி: பென்சில் முனையை மூக்கை நோக்கிக் கொண்டுவந்து பார்க்கும் பயிற்சியை வீட்டிலேயே செய்யலாமே மேடம், கிளினிக் எதற்கு?

அமெரிக்காவில் கன்வர்ஜென்ஸ் குறைபாடு இருந்த, 9 முதல் 17 வயது வரையிலான 221 பிள்ளைகளை வைத்து 12 வாரம் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். கிளினிக்கில் வாராவாரம் பயிற்சி, கூடவே வீட்டுப் பயிற்சி என்று செய்தவர்களில் 73 சதவீதம் பேர் தேறினார்கள். வீட்டில் பென்சில் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 43, வீட்டில் கம்ப்யூட்டரும் பென்சிலும் சேர்த்துச் செய்தவர்களில் 33. சும்மா பேருக்கு ஒரு போலிப் பயிற்சி கொடுத்த குழுவில் 35! இந்த 35ஐ மறக்காதீர்கள். ஒன்றுமே இல்லாத பயிற்சியிலும் மூன்றில் ஒருவர் தேறுகிறார் என்றால், "பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சரியாகிவிட்டது" என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

கேள்வி: மகளுக்கு டிஸ்லெக்ஸியா. ஒரு மையத்தில் கண் பயிற்சியும் கலர் கண்ணாடியும் சேர்த்து ஆறு மாதத்துக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள்.

கட்டாதீர்கள். டிஸ்லெக்ஸியா ஒலியையும் எழுத்தையும் மூளை இணைப்பதில் வரும் சிக்கல், கண்ணில் இருந்து வருவதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள், கண் மருத்துவர்கள் சங்கங்கள் சேர்ந்து 2009இலேயே இதற்குக் கண் பயிற்சியோ நிறக் கண்ணாடியோ வேண்டாம் என்று அறிக்கை விட்டுவிட்டன. இன்னும் சொல்கிறேன்: கன்வர்ஜென்ஸ் குறைபாடு இருந்த 310 பிள்ளைகளுக்கு 16 வாரம் முறையாகப் பயிற்சி கொடுத்துப் பார்த்து 2019இல் வந்த முடிவு, வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் போலிப் பயிற்சிக் குழுவைவிடக் கூடவில்லை என்பதுதான். என் தொழிலுக்கே பாதகமான முடிவு, ஆனால் அதுதான் நிலவரம். அந்தப் பணத்தை நல்ல சிறப்புக் கல்வி ஆசிரியருக்குக் கொடுங்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைக்கான சான்றிதழ் வேலையையும் இப்போதே ஆரம்பியுங்கள்.

கேள்வி: பையனுக்கு 11 வயது, ஒரு கண் சோம்பேறிக் கண்ணாம். ஏழு வயசு தாண்டினால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்களே?

பழைய பேச்சு. 2005இல் வந்த ஆய்வில் 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குக் கண்ணாடியோடு நல்ல கண்ணை மூடும் பேட்ச், அதை மங்கலாக்கும் சொட்டு மருந்து, கிட்டத்து வேலை எல்லாம் சேர்த்துக் கொடுத்தபோது ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பார்வை எழுத்துப் பலகையில் இரண்டு வரியாவது கூடியது. கண்ணாடி மட்டும் போட்டவர்களில் கால்வாசிப் பேருக்குத்தான். பையன் பேட்சைப் பிய்த்து எறியாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை.

கேள்வி: பயிற்சி செய்தால் மைனஸ் 3 குறையுமா?

குறையாது.

கேள்வி: குறைமாதக் குழந்தை, இப்போது இரண்டு வயது. கண் நன்றாக இருக்கிறது, மூளையில்தான் பார்வைப் பிரச்சினை என்கிறார்கள். எந்தப் பயிற்சி?

மேலே சொன்ன பென்சில் சமாச்சாரம் எதுவும் இதற்குப் பொருந்தாது. குழந்தைக்கு ஏற்ற மாதிரி வீட்டை மாற்றுவதில் தொடங்குங்கள் அம்மா. வெறும் தரை அல்லது ஒரே நிறத் துணி மேல் ஒரு பொம்மை, ஒன்றே ஒன்று, பளிச்சென்ற நிறத்தில். டிவி சத்தம் இருந்தால் நிறுத்திவிடுங்கள், பார்ப்பதும் கேட்பதும் ஒரே நேரத்தில் வந்தால் இப்படிப்பட்ட குழந்தைகள் பார்ப்பதை விட்டுவிடுவார்கள். பொம்மையைக் காட்டிவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள், திரும்பிப் பார்க்க அவர்களுக்கு நேரம் பிடிக்கும். வளர்ச்சிக் குறை உள்ள சிறு குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் ஆரம்ப நிலைத் தலையீட்டு மையத்தில் உடனே சேர்ப்பது முக்கியம்.

கேள்வி: அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தபின் இடது பக்கம் தெரிவதில்லை. பேப்பர் படிக்க முடியவில்லை என்று வருத்தப்படுகிறார்.

போன பார்வைப் பரப்பைப் பயிற்சியால் மீட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பலன் தருவது தேடும் பழக்கம்: தெரியாத பக்கத்துக்குக் கண்ணையும் தலையையும் வேண்டுமென்றே திருப்பப் பழகுவது. இடப்பக்கம் போனவர்களுக்கு அடுத்த வரியின் தொடக்கம்தான் கிடைக்காது. பத்தியின் இடது ஓரத்தில் சிவப்பு ஸ்கேல் ஒன்றை வைத்து, அது கண்ணில் படும்வரை இடது பக்கம் போகச் சொல்லுங்கள். டாக்டர் பரிசோதித்துச் சரி சொல்லும்வரை வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எத்தனை சிட்டிங் ஆகும்? நல்ல இடம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கன்வர்ஜென்ஸ் குறைபாட்டுக்கு வாரம் ஒரு முறை, சுமார் 12 வாரம், கூடவே வீட்டில் தினமும் கால் மணி நேரம். ஆரம்பத்தில் எடுத்த அளவுகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பாதியில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். எண்கள் அசையவே இல்லை என்றால் நிறுத்திவிட்டு வேறு காரணம் தேட வேண்டும், அதனால் மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கும் இடம் வேண்டாம்.