நாலு தலைமுறை விசுவாசம் என் மகனோடு நின்றுவிடுமா?

மேடத்துக்குத் தோத்திரம்.

எனக்கு 51 வயது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். என் கணவருக்குப் பூர்வீகம் சாத்தான்குளம் பக்கம். அவருடைய பூட்டனார்தான் அந்தக் குடும்பத்தில் முதலில் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர். பனையேற்றை விட்டுவிட்டுச் சபை உபதேசியாராகி, ஊர் ஊராக நடந்தே போனவர். அவரிலிருந்து என் கணவர் வரை நாலு தலைமுறை. ராத்திரி எட்டரை மணி ஜெபம் எங்கள் வீட்டில் தவறியதே கிடையாது.

மூத்த மகனுக்கு 20 வயது. கோயம்புத்தூரில் இஞ்சினியரிங் படிக்கிறான். திடப்படுத்தல் எடுத்தவன், கொயரில் பாடியவன். இப்போது லீவுக்கு வந்தால் ஜெப நேரத்தில் மாடிக்குப் போய்விடுகிறான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவதில்லை. சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனத்துக்கு மட்டும் தவறாமல் ஊருக்கு வந்துவிடுவான். ராத்திரி முழுக்கப் பையன்களோடு உட்கார்ந்து வெங்காயம் உரிப்பான், பந்தியில் சோற்றுக் கூடை தூக்குவான். ஆனால் அன்று காலை ஆராதனைக்குள் கால் வைக்கமாட்டான். சாப்பாட்டுக்கு மட்டும் வேதக்காரனா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள்.

போன மாதம் அவன் அப்பா சத்தம் போட்டுவிட்டார். “உபதேசியார் வீட்டுப் பிள்ளை பேசுற பேச்சா இது? ஊருக்கு முன்னால நான் தலை காட்ட வேண்டாமா?” என்றார். அவன், “சபை எலெக்‌ஷன் வந்தா ஒரே கோயில்ல ரெண்டு கட்சியா உக்காந்திருக்கீங்க. நீங்களும் சித்தப்பாவும் பேசி மூணு வருஷம் ஆச்சு. இதையாப்பா நான் எடுத்துக்கிடணும்?” என்று கேட்டுவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டான். இப்போது என்னிடம் மட்டும்தான் பேசுகிறான். அவர் சொல்வதை அவனிடமும் அவன் சொல்வதை அவரிடமும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவன் பிளஸ் டூ படிக்கும்போது என் மாமியார் கேன்சரில் இறந்தார்கள். அதிலிருந்துதான் மாறினான் என்று சில நேரம் தோன்றுகிறது. ஆச்சி செல்லம் அவன். ஜெபிக்க வந்த ஒருவர், வீட்டில் விசுவாசக் குறைவு இருக்கிறது, இல்லாவிட்டால் சுகம் கிடைத்திருக்கும் என்று அவன் காதில் விழும்படி சொல்லிவிட்டார்.

மகள் பத்தாவது படிக்கிறாள். அண்ணனைப் பார்த்து அவளும் இப்படியாகிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. எனக்குத் தூக்கமே இல்லை. நான் எங்கே தவறவிட்டேன்?

— பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய், பாளையங்கோட்டை

ஆலோசகரின் பதில்

அன்புச் சகோதரிக்கு,

எலெக்‌ஷன் சண்டையைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு, ஆச்சியின் மரணத்தைக் கடைசியில் நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த நாலு வரிதான் பெரிதாகத் தெரிகிறது. சபைச் சண்டையை உங்கள் மகன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான். ஆச்சியைப் பற்றி இதுவரை யாரிடமாவது பேசியிருக்கிறானா? பதினேழு வயதுப் பையன் முழங்காலில் நின்று ஆச்சிக்காகக் கேட்டிருப்பான். ஆச்சி போய்விட்டார்கள். அதோடு, உன் வீட்டார் சரியாக நம்பவில்லை, அதனால்தான் என்றும் ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். துக்கத்தோடு குற்ற உணர்வையும் சேர்த்துக் கட்டி அவன் தலையில் வைத்துவிட்டார்கள். அந்தப் பாரத்தோடு எட்டரை மணி ஜெபத்தில் உட்கார்ந்து “கர்த்தர் நல்லவர்” என்று பாட அவனால் முடியவில்லை. மாடிக்குப் போகிறான். இதை நான் அவிசுவாசம் என்று எடுத்துக்கொள்ளமாட்டேன். ஆறாத துக்கம் பல பிள்ளைகளிடம் இப்படிக் கோபமாகத்தான் வெளியே வரும்.

யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. நீங்கள் வேதம் அறிந்தவர், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மகன் அடுத்த முறை போன் பண்ணும்போது, “ஆச்சி விஷயத்தில் அவர் அப்படிச் சொன்னது தப்புடா. அன்னைக்கே நான் உன்கிட்ட சொல்லியிருக்கணும்” என்று மட்டும் சொல்லுங்கள். அதற்குப் பின்னால் ஜெபம், கோயில் என்று எதையும் ஒட்டவேண்டாம். அவன் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால், சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுங்கள்.

அடுத்தது உங்கள் கணவர். இதை அவரும் வாசிப்பார் என்ற நம்பிக்கையில் கொஞ்சம் நேராகவே எழுதுகிறேன்.

ஐயா, உங்கள் பூட்டனார் வேதத்துக்கு வந்தபோது அவருடைய தகப்பனார் என்ன பாடுபட்டிருப்பார் என்று எப்போதாவது நினைத்துப் பார்த்திருக்கிறீர்களா? மகன் ஊர்ச் சாமியின் கொடைவிழாவுக்கு வரி கொடுக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதரும் ஊருக்கு முன்னால் தலை காட்ட முடியாமல்தான் நின்றிருப்பார். திருநெல்வேலிச் சபையின் முதல் தலைமுறையைப் பாருங்கள். கிளாரிந்தா அம்மையார் பிராமண விதவை. ஓர் ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தார் என்பதால் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அம்மாள் விடவில்லை. 1778இல் ஞானஸ்நானம் பெற்று, 1785இல் பாளையங்கோட்டையில் ஆலயமும் கட்டினார். சொந்த ஊரில் இருக்கவிடாமல் துரத்தப்பட்டவர்கள் 1799இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமத்தை உண்டாக்கினார்கள். வைணவக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்துக்குத் தமிழாசிரியராக வந்த கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858இல் ஞானஸ்நானம் பெறும்போது அவருக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. இவர்களில் யாரும் தகப்பன் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டவர்கள் கிடையாது. கேட்டார்கள், போராடினார்கள், வீட்டாரை நோகவும் வைத்தார்கள். உங்கள் மகன் கேள்வி கேட்கிறான் என்றால் பூட்டனாரின் ரத்தம் இன்னும் ஓடுகிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். (உங்களுக்குச் சிரிப்பு வராது என்று தெரியும்.)

உளவியலிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. அப்பா அம்மா வைத்திருந்த நம்பிக்கையை ஒரு கேள்வியும் இல்லாமல் எடுத்துக்கொள்கிறவர்களையும், தேடிப் பார்த்துத் தனதாக்கிக்கொள்கிறவர்களையும் ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். தேடுகிற காலத்தில் பிள்ளை நம்மைவிட்டுப் போய்விட்ட மாதிரித்தான் தெரியும். வெர்ன் பெங்ட்ஸன் என்ற சமூகவியலாளர் தென் கலிஃபோர்னியாவில் 350க்கும் மேற்பட்ட குடும்பங்களை முப்பது வருடங்களுக்கு மேல் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்தார். அமெரிக்கக் குடும்பங்கள் அவை, நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் கண்ட ஒரு விஷயம் உங்கள் வீட்டுக்கு வேண்டியது. பெற்றோர், அதிலும் அப்பா, பிள்ளையோடு எவ்வளவு நெருக்கமாக இருந்தார் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் விசுவாசம் கைமாறியது. பக்தி எவ்வளவு இருந்தாலும் உறவு கசந்திருந்த வீடுகளில் அது எடுபடவில்லை. தாத்தா பாட்டிகளுக்கும் அதில் நல்ல பங்கு இருந்தது. ஆச்சியை இழந்தது அவனுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று இதிலிருந்தும் தெரிந்துகொள்ளலாம்.

அதனால், ஐயா, நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். உங்கள் தம்பியோடு பேசுங்கள். எந்தக் கட்சி ஜெயித்தது, யார் யாரை ஏமாற்றினார்கள் என்பதெல்லாம் அப்புறம். மூன்று வருடமாகப் பேசாத தம்பி வீட்டு வாசலில் நீங்கள் போய் நின்றால், மகனிடம் நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லத் தேவையிருக்காது. செய்தி கோயம்புத்தூருக்குத் தானாகவே போய்ச் சேரும். மகனுக்காக நடிப்பதாக இருந்தால் மட்டும் போகாதீர்கள், அவன் கண்டுபிடித்துவிடுவான்.

மறுபடியும் உங்களுக்கு வருகிறேன், சகோதரி. தூது போவதை இன்றோடு நிறுத்துங்கள். “நீங்களே நேரா பேசிக்கிடுங்க” என்று இருவரிடமும் சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் வீடு அமைதியாக இருக்கும், சகித்துக்கொள்ளுங்கள். எட்டரை மணி ஜெபத்தை நிறுத்த வேண்டாம். அவன் வந்திருக்கும்போது மாடியைப் பார்த்துக் குரலை உயர்த்தி ஜெபிப்பதை மட்டும் நிறுத்துங்கள். எல்லா வீட்டிலும் இது நடக்கிறது. தேவனிடம் சொல்கிற மாதிரி பிள்ளைக்குப் பிரசங்கம் பண்ணுகிறோம், அது அவர்களுக்கு நன்றாகவே புரிகிறது.

அசன விஷயத்தில் சொந்தக்காரர்கள் பேச்சை நம்பாதீர்கள். சாப்பாட்டுக்காக வருகிறவன் பந்தி நேரத்துக்கு வந்தால் போதும். ராத்திரி முழுக்க வெங்காயம் உரிக்கவேண்டியதில்லை. கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து, சாதி, பணம் பார்க்காமல் எல்லாரையும் உட்காரவைத்துப் பரிமாறுகிறான் என்றால், நம் சபையில் அவனுக்கு உண்மையாகத் தெரிகிற இடம் அதுதான். அடுத்த முறை நீங்களும் அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். காலை ஆராதனைக்கு வருகிறாயா என்று கேட்காதீர்கள்.

அவன் திரும்பி வருவானா என்று கேட்டால் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. வரலாம், வேறு வழியில் போகலாம். எப்படியானாலும் உங்கள் மகனாக அந்த வீட்டுக்குள் அவனுக்கு இடம் இருக்கிறது என்பதை அவன் இப்போதே கேட்கவேண்டும். அதை அப்பா வாயால் கேட்டால் இன்னும் நல்லது.

மகளிடம் அண்ணனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்காதீர்கள். பத்தாவது வகுப்பு, பரீட்சை பயமே அவளுக்குப் போதும். அவளுக்கு என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள், பதில் பிடிக்காவிட்டாலும் முகம் மாறாமல் கேளுங்கள். எங்கே தவறவிட்டேன் என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். தூக்கமில்லாமல் இருப்பது இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் டாக்டரைப் பாருங்கள், அது விசுவாசக் குறைவில்லை. பேச ஆள் வேண்டும் என்று தோன்றினால் 14416க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலிமானஸ் எண் அது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.