அக்டோபரில் பிள்ளை பையோடு வரும் பள்ளிக் காகிதங்கள்: எது கட்டாயம், எது நம்ம இஷ்டம்

கேள்வியின் சுருக்கம்: ஆலங்குளத்துப் பக்கத்துத் தங்கச்சி ஒருவர் ஆகஸ்ட் கடைசியில் குடும்பத்தோடு நியூ ஜெர்சிக்கு வந்திருக்கிறார். மகள் ஒன்றாம் வகுப்பு. அக்டோபர் பிறந்ததிலிருந்து பிள்ளையின் ஃபோல்டரில் தினமும் நாலைந்து காகிதம் வருகிறது. மின்னஞ்சல் வேறு. "எதைக் கட்டாயம் செய்யணும்? எதை விட்டாலும் குத்தமில்ல? காசு கேட்டு வர்றதெல்லாம் ஃபீஸா? கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க அக்கா."

தங்கச்சி, வந்த காகிதங்களை முதலில் மூன்று கூறாகப் பிரித்து வையுங்க. கையெழுத்துக் கோடும் கடைசித் தேதியும் உள்ளவை ஒரு கூறு. சும்மா தெரிந்துகொள்ள வருபவை இன்னொன்று. காசு கேட்பவை மூன்றாவது. அதில் முக்கால்வாசி நம்ம இஷ்டம்தான். ஊரில் ஒன்றைக் கொடுக்காவிட்டால் டீச்சர் பிள்ளையை எழுப்பி நிறுத்திக் கேட்பாங்க, கேட்டில் நம்மைப் பார்த்தாலும் கேட்பாங்க. இங்கே யாரும் விரட்ட மாட்டாங்க. கடிதத்தின் நடையும் பூ மாதிரி இருக்கும். "15ஆம் தேதிக்குள் அனுப்பினால் மகிழ்வோம்" என்று எழுதியிருக்கும். 16ஆம் தேதி பிள்ளையை வீட்டில் உட்கார வைப்பதும் அதே காகிதம்தான்.

அப்படி உட்கார வைப்பதில் முதலாவது, நர்ஸ் அறையிலிருந்து வரும் தடுப்பூசிக் கடிதம். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைக்குப் பழைய ஆவணம் கொண்டுவர நியூ ஜெர்சியில் 30 நாள் அவகாசம் உண்டு. செப்டம்பரில் சேர்ந்த பிள்ளைக்கு அது அக்டோபரில் முடிகிறது. உங்களுக்கு இப்போது கடிதம் வந்திருப்பது அதனால்தான்.

ஊர் அட்டையில் எல்லா ஊசியும் போட்டதாக இருந்தாலும் இங்கே சில இடங்களில் இடிக்கும். நம்ம ஊர் அரசு அட்டவணைப்படி 9 மாதத்தில் போட்ட எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி இங்கே செல்லாது. தட்டம்மை ஊசி முதல் பிறந்த நாளுக்குப் பிறகு போட்டதாக இருக்கணும். ஆக, ஒன்றரை வயதில் போட்ட இரண்டாவது எம்ஆர் மட்டும் ஒரு டோஸாகக் கணக்கில் வரும். எம்ஆரில் பொன்னுக்குவீங்கி மருந்தும் கிடையாது, இங்கே கேட்பது மூன்றும் சேர்ந்த எம்எம்ஆர். சின்னம்மை ஊசி அரசு அட்டவணையிலேயே இல்லை. ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஊசி போட்ட பிள்ளை என்றால் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். போலியோ சொட்டு மருந்திலும் ஒரு சிக்கல். 2016 ஏப்ரலில் இந்தியா மூவகைச் சொட்டு மருந்திலிருந்து இருவகைக்கு மாறியது. அதற்குப் பிறகு கொடுத்த சொட்டு மருந்தை இங்குள்ள டாக்டர்கள் கணக்கில் எடுப்பதில்லை, ஊசியாகப் போட்டதைத்தான் பார்ப்பாங்க. 5 வயதில் போடும் டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி) பூஸ்டர் விட்டுப்போயிருந்தால் அதுவும் பாக்கி, ஏன் என்றால் 4 வயது முடிந்த பிறகு ஒரு டோஸ் கேட்பாங்க.

பயப்பட ஒன்றுமில்லை. பாக்கி ஊசிகளை ஒரே நாளில் சேர்த்துப் போடலாம். எம்எம்ஆரையும் சின்னம்மை ஊசியையும் ஒரே நாளில் போட்டுவிடுங்க, தவறினால் நடுவில் 28 நாள் காத்திருக்கணும். ஒவ்வொன்றிலும் முதல் ஊசி போட்டு, அடுத்ததற்கான தேதியை டாக்டர் எழுதிக் கொடுத்தால் பள்ளி தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளும். இன்சூரன்ஸ் இன்னும் தொடங்கவில்லை என்றால், 18 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு மருந்துக்குக் காசு வாங்காத மத்திய அரசுத் திட்டம் 1994 முதல் இருக்கிறது. குழந்தை டாக்டர் ஆபீசில் கேட்டாலே சொல்வாங்க. டிபி சோதனை கேட்டால் தோலில் போடும் சோதனை வேண்டாம், ரத்தச் சோதனை செய்யுங்க என்று சொல்லுங்க. பிறந்ததும் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியால் தோல் சோதனை தடித்து, நோய் இல்லாத பிள்ளைக்கும் எக்ஸ்ரே வரை இழுத்துவிடும்.

அட்டையைக் கொடுக்கும் முன் தேதிகளைப் பாருங்க. நமக்கு 05/09 என்றால் செப்டம்பர் 5. இங்குள்ள நர்ஸ் அதை மே 9 என்று படிப்பார். நாலு மாதம் முன்னால் போனால் சரியான ஊசியும் "முதல் பிறந்த நாளுக்கு முன்" என்று தள்ளுபடி ஆகும். தனித் தாளில் மாதத்தை எழுத்தில் எழுதி அட்டையோடு இணையுங்க.

அடுத்தது எமர்ஜென்சி கான்டாக்ட் படிவம். தாத்தா ஆச்சி நம்பரைப் பாளையங்கோட்டை முகவரியோடு எழுதி அனுப்பும் ஆட்கள் உண்டு. பிள்ளை விழுந்து பல் உடைந்தால் 20 நிமிடத்தில் பள்ளிக்கு வரக்கூடிய இரண்டு பேர்தான் அந்தக் கட்டத்துக்கு வேண்டும். அபார்ட்மென்டில் ஒரு வீட்டையும் அலுவலக சேக்காளி ஒருவரையும் கேட்டுவிட்டு எழுதுங்க. பிள்ளையைக் கூட்டிவர அனுமதி உள்ளவர் பட்டியல் தனி. அதில் பெயர் இல்லாதவர், உங்க கூடப்பிறந்த தம்பியே வந்து நின்றாலும் அனுப்ப மாட்டாங்க. ஐடி கார்டும் கேட்பாங்க.

பெயரையும் அப்போதே சரிபாருங்க. இனிஷியல் மட்டும் வைத்து, பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் விசாவில் பிள்ளையின் பெயர் சர்நேமாகப் போய், முன்பெயர் இடத்தில் எஃப்என்யூ (முன்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழும். பள்ளி அதை அப்படியே ஏற்றிவிட்டால் வகுப்பில் அந்த மூன்று எழுத்தில்தான் கூப்பிடுவாங்க, போட்டோ கவரிலும் அதுதான். பதிவுப் பெயரை மாற்றக் காகித வேலை நிறைய. ஆனால் "அழைக்கும் பெயர்" என்று ஒரு கட்டம் இருக்கும், ஆபீசில் சொன்னால் நிரப்பிவிடுவாங்க.

காய்ச்சலுக்கு விதி எளிது. 100.4 டிகிரி, அதாவது நம்ம 38, தொட்டால் வீட்டில். மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் திரும்ப அனுப்பலாம். காலையில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினால் பத்து மணிக்கு போன் வரும். மாத்திரை, சிரப், இருமல் மிட்டாய் எதையும் பையில் போட்டு அனுப்பக் கூடாது. இன்ஹேலர் என்றாலும் டாக்டர் கையெழுத்திட்ட படிவம், பார்மசி ஒட்டிய லேபிளோடு கூடிய டப்பா, இரண்டையும் பெரியவர் ஒருவர் நேரில் நர்ஸிடம் கொடுக்கணும். ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்தில் அந்த லேபிள் இருக்காது. இங்கே ஒரு டாக்டரிடம் சீட்டு வாங்குவதுதான் வழி. ஃப்ளூ ஊசி பற்றி வருவது சிபாரிசு. 9 வயதுக்குக் கீழே முதல் தடவை போடும் பிள்ளைக்கு 4 வார இடைவெளியில் இரண்டு டோஸ் என்பதால் அக்டோபரிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

சாப்பாட்டுக் கடிதத்தை மேலோட்டமாகப் படிக்காதீங்க. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு நட் அலர்ஜி என்று வந்திருந்தால் கோவில்பட்டி கடலை மிட்டாய் கூடாது என்பது யாருக்கும் தெரியும். நம்மவர்கள் தவறுவது தூத்துக்குடி மக்ரூனில். பார்க்க வெறும் சர்க்கரைக் கூம்பு, உள்ளே முந்திரியும் முட்டை வெள்ளையும். எள்ளும் 2023 முதல் அமெரிக்காவின் முக்கிய ஒவ்வாமைப் பட்டியலில் ஒன்பதாவதாகச் சேர்ந்துவிட்டது. எள் ஒவ்வாமை உள்ள வகுப்பென்றால் இட்லிப் பொடி, எள்ளுருண்டை, நல்லெண்ணெய் தடவிய இட்லி எல்லாம் அதில் அடங்கும். பிறந்த நாளுக்கு வீட்டில் செய்த பண்டம் கொடுத்தனுப்புவதைப் பல பள்ளிகள் அடியோடு தடுத்திருக்கின்றன. பென்சில், ஸ்டிக்கர் கொடுத்தால் வம்பில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு வரிசை, கைகழுவல் எல்லாம் சேர்த்தே 20, 25 நிமிடம். சூடாக்கித் தர யாரும் இல்லை. தெர்மாஸில் கொதிக்கும் நீரை ஊற்றி 10 நிமிடம் மூடிவைத்து, கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் சோற்றை நிரப்புங்க. வெறும் தெர்மாஸில் போட்டால் எஃகே சூட்டை இழுத்து மதியம் வெதுவெதுப்புத்தான் மிஞ்சும். உள்ளே ஆவி ஆறும்போது மூடி இறுகிக்கொள்ளும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையால் திறக்க முடியாமல் சாப்பாடு அப்படியே திரும்பி வரும். வீட்டில் திறந்து பழக்குங்க. சொதியைத் தனி டப்பாவில் ஊற்றி அனுப்ப வேண்டாம், பிசைந்தே வையுங்க. பள்ளிச் சாப்பாடு என்றால் மாத மெனுவில் பெப்பரோனி என்ற சொல்லைப் பாருங்க. பெரும்பாலும் பன்றியும் மாடும் கலந்தது. இலவசச் சாப்பாட்டு விண்ணப்பம் வருமானத்தைப் பொறுத்தது. உங்களுக்குப் பொருந்துகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்க.

ஜாக்கெட், தொப்பி, கையுறை எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்க. அக்டோபரில் வெள்ளன குளிரும், மதியம் வெயில் அடிக்கும். கழற்றிப் போட்ட ஜாக்கெட் விளையாட்டு மைதானத்தோடு போய்விடும். தடித்த ஒன்றைவிட மெல்லிய இரண்டு மேல். குளிரிலும் இடைவேளைக்கு வெளியேதான் விடுவாங்க, அதனால் ஜிப் போடத் தெரிந்திருக்கணும். போனில் 45 என்று வந்தால் அது ஃபாரன்ஹீட், நமக்கு 7 டிகிரி.

ஐப்பசி அடைமழைக்கு ஊரில் கலெக்டர் லீவு அறிவிப்பார். இங்கே அந்த வேலை பள்ளி மாவட்டத்தின் சூப்பரின்டென்டென்ட் கையில். பனி என்றால் விடியுமுன் போனில் பதிவுசெய்த குரல் வரும்: முழு விடுமுறை அல்லது இரண்டு மணி நேரத் தாமதம். உங்க புது நம்பர் பள்ளிக் கணக்கில் ஏறவில்லை என்றால், பூட்டிய பள்ளி வாசலில் பிள்ளையோடு நிற்க வேண்டியதுதான். நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். ஊருக்கும் இங்கேக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம் பத்தரை ஆகும், ஆச்சியோடு பேசும் நேரத்தை மாற்றிக்கோங்க. அந்த மாதம் லீவும் அரைநாளும் நிறைய. ஆசிரியர் மாநாட்டுக்காக முற்பகுதியில் ஒரு வியாழன், வெள்ளி, பிறகு நாலாவது வியாழன் நன்றி நவிலல் நாளும் மறுநாளும். அரைநாளில் பஸ்ஸும் முன்னதாகவே வந்துவிடும்.

ஹாலோவீன் அக்டோபர் 31. அது லீவு நாள் அல்ல. வேஷம் போட்டு ஊர்வலம் நடத்தும் பள்ளியும் உண்டு, வேண்டாம் என்று நிறுத்திய பள்ளியும் உண்டு. நடத்தினால் முகமூடியும் ஆயுதமும் பெரும்பாலும் தடை. கட்டபொம்மன் வேஷம் போடலாம், வாள் வீட்டிலேயே இருக்கட்டும். அதைவிட முக்கியம் தீபாவளிப் பொட்டுத் துப்பாக்கி. பிளாஸ்டிக் பொம்மை என்றாலும் பையில் கிடந்தால் சஸ்பென்ஷன் வரை போகும். சீசனில் பையைத் தினம் ஒரு தடவை துழாவிப் பாருங்க. தீபாவளிக்குப் பள்ளி இருந்தாலும் சமயப் பண்டிகை என்று முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் அந்த நாளைத் தவறாகக் கணக்கிட மாட்டாங்க. குலசை தசராவுக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரம் இருப்பது வேறு கதை. மொத்தப் பள்ளி நாளில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 180க்கு 18 நாள் விட்டாலே "தொடர்ந்து வராதவர்" கணக்கில் சேர்த்துவிடுவாங்க, எழுதிக் கொடுத்த பண்டிகை நாள் தவிர காரணம் எதுவானாலும். ஆனித் தேரும் குற்றால சீசனும் கோடை விடுமுறையோடு ஒட்டி வருவது நம்ம அதிர்ஷ்டம், பயணத்தை அங்கே வையுங்க.

காசு கேட்டு வருபவை: போட்டோ, புத்தகக் கண்காட்சி, பெற்றோர் சங்கச் சந்தா, சாக்லேட் அல்லது பரிசுத்தாள் விற்றுத் தரச் சொல்லும் நிதி திரட்டல். எதுவும் ஃபீஸ் அல்ல. விற்றுத் தராவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டாங்க. போட்டோவுக்கு மட்டும் பச்சைப் பட்டுப்பாவாடை வேண்டாம். பின்னால் பச்சைத் திரை கட்டி எடுக்கும் பள்ளியில் உடம்பு மறைந்து தலை மட்டும் மிதக்கும். வெளிச்சுற்றுலா அனுமதிச் சீட்டு இந்தக் கூறில் வந்தாலும் முதல் கூறில் சேருங்க. கையெழுத்து இல்லை என்றால் பஸ் போய்விடும், பிள்ளை வேறு வகுப்பில் உட்காரும்.

கடைசியாக, வீட்டு மொழிப் படிவம். ஆங்கிலம் என்று எழுதினால் பிள்ளையைச் சோதனை போட மாட்டாங்க என்று யாராவது யோசனை சொல்வாங்க. கேட்காதீங்க, தமிழ் என்றே எழுதுங்க. சோதனை வைத்து, தேவை என்றால் பள்ளி நேரத்திலேயே இலவசமாகத் தனி ஆங்கில வகுப்பு தருவாங்க. ஆண்டுத் தொடக்கத்தில் சேர்ந்த பிள்ளைக்கு 30 நாளுக்குள் முடிவைத் தெரிவிக்கணும் என்பது மத்தியச் சட்டம். அந்த வகுப்பு வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு, ஆனால் வருடாந்திரச் சோதனை தொடரும்.

டீச்சரைப் பார்க்கும் நேரம் அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ 15 நிமிடம்தான் கிடைக்கும். நேரம் குறிக்கும் லிங்க் வந்த அன்றே நேரம் பிடியுங்க, சாயங்கால இடங்கள்தான் முதலில் தீர்ந்துபோகும். தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் ஒரு வாரம் முன்னே கேளுங்க. போனிலாவது ஏற்பாடு செய்யும் கடமை பள்ளிக்கு உண்டு, காசு கிடையாது. பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீங்க. ரிப்போர்ட் கார்டில் 1 முதல் 4 வரை எண் இருந்தால் 3 என்பது அந்த வகுப்புக்கு வேண்டியது வந்துவிட்டது என்று பொருள். முதல் பருவத்தில் 2 வருவது சாதாரணம். "நாலுக்கு ஏன் மூணு?" என்று பிள்ளையைப் பிடிக்க வேண்டாம். டீச்சரிடம் கேட்க வேண்டியது வேறு: எந்த அளவுப் புத்தகம் தானாக வாசிக்கிறாள், இடைவேளையில் யாரோடு விளையாடுகிறாள், சாப்பாட்டை முடிக்கிறாளா, புரியாதபோது கையைத் தூக்குகிறாளா. நாலையும் தாளில் எழுதிக் கொண்டுபோங்க, 15 நிமிடத்துக்கு அதுவே காணும்.