மணல்வாரி வந்து போகட்டும் என்று விடலாமா?

கேள்வி: பேரனுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. மணல்வாரி என்கிற தட்டம்மைக்கு ஊசி போட நர்சம்மா கூப்பிடுகிறார். மாப்பிள்ளையோ, "மணல்வாரி எல்லாருக்கும் வந்து போவதுதான், நோய் வந்து கிடைக்கும் எதிர்ப்புச் சக்திதான் உறுதி" என்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: வருகிற புதன்கிழமையே போட்டுவிடுங்கள் அம்மா. மாப்பிள்ளை சொல்வதில் பாதி உண்மை. தட்டம்மை வந்து பிழைத்தவருக்கு அது மறுபடி வருவது மிக அபூர்வம். பிழைக்காத பிள்ளைகளை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. 1963இல் தடுப்பூசி வருவதற்கு முன் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 26 லட்சம் பேர் இதில் இறந்தார்கள்.

பிழைத்த பிள்ளைக்கும் நஷ்டம் உண்டு. ஒருமுறை எதிர்த்து நின்ற கிருமிகளை நம் உடம்பு நினைவணுக்களில் பதிந்து வைத்திருக்கிறது. தட்டம்மை வைரஸ் தாக்குவது அந்த அணுக்களையேதான். தட்டம்மை வந்த குழந்தைகள் மற்ற கிருமிகளுக்கு எதிராகச் சேர்த்திருந்த ஆன்டிபாடிகளில் (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதங்களில்) 11 முதல் 73 சதவீதம் வரை இழந்திருந்ததை 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அம்மை இறங்கிய பிறகும் பிள்ளை மற்ற நோய்களுக்குச் சுலபமாக ஆளாவது இதனால்தான். இருந்ததையெல்லாம் பறிகொடுத்துவிட்டு ஒன்றே ஒன்றைச் சம்பாதிப்பதையா உறுதி என்கிறார்?

ஊசியில் இருப்பதும் தட்டம்மை வைரஸ்தான், ஆனால் வீரியம் குறைத்தது. அதைப் பார்த்தே உடம்பு ஆன்டிபாடிகளையும் நினைவணுக்களையும் உண்டாக்கிக்கொள்கிறது. நிஜ வைரஸ் வரும்போது எதிர்ப்பு உடனே கிளம்பிவிடும். பழைய நினைவும் அழியாது.

ஒன்பது மாதம் வரை காத்திருந்ததற்கும் காரணம் இருக்கிறது. தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடிகள் பிள்ளையின் ரத்தத்தில் மிச்சமிருந்தால் ஊசி வைரஸை அவையே முடக்கிவிடும். பிள்ளையின் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது. அவை கரைந்துவிட்ட இந்த வயதில் அவனுக்குப் பாதுகாப்பும் இல்லை. இப்போது தள்ளிப்போடுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுங்கள், வேப்பிலை கட்டுங்கள். அதற்கும் ஊசிக்கும் பகையே கிடையாது.

ஊசி போட்டு ஒரு வாரம் பத்து நாள் கழித்து லேசாகக் காய்ச்சல் அடிக்கலாம், சிலருக்குத் தடிப்பும் வரும். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். அப்புறம், முதல் ஊசி எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடித்துவிடுவதில்லை. அதனால் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவதும் கட்டாயம். அதற்குள் தோட்ட வேலைக்காக வேறு ஊர் போக நேர்ந்தால் தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம்.