வீல்சேரை அதுல உக்கார்றவங்களே டிசைன் பண்ண முடியுமா?

முடியும், ஏற்கனவே பண்ணிருக்காங்க. ரால்ஃப் ஹாட்ச்கிஸ்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர், 1966ல பைக் ஆக்சிடென்ட்ல அடிபட்டு அதுக்கப்புறம் அவருக்கு வீல்சேர்தான். 1980ல நிகரகுவா போனப்ப அங்க நாலு பசங்க ஒரே வீல்சேரை மாத்தி மாத்தி யூஸ் பண்றத பாத்தாரு, ரிப்பேரும் அவங்களேதான், அவங்க கூட சேர்ந்து ஆரம்பிச்ச வேலைதான் பின்னாடி வேர்ல்விண்ட் வீல்சேர்ங்கற அமைப்பா ஆச்சு.

ஆஸ்பத்திரி தரைக்கு செஞ்ச சேர்ல முன்சக்கரம் சின்னதா ஒல்லியா இருக்கும், சேத்துலயோ மணல்லயோ போனா புதைஞ்சு ஆள் அப்படியே முன்னாடி கவுந்துடுவாரு. வேர்ல்விண்ட் சேர்ல போடுற முன்சக்கரம், ஜிம்பாப்வே வீல்னு பேரு, அகலமான ரப்பர், புதையாம மேலயே உருண்டு போகும், முன்சக்கரத்தையும் நல்லா முன்னாடி தள்ளி வச்சிருப்பாங்க, அதனால சட்டுனு கவுறாது. உள்ளூர்ல கிடைக்கிற இரும்பு பைப், பேரிங்தான், பழுதானா பக்கத்து வெல்டிங் பட்டறையே போதும், இதுதான் எனக்கு ரொம்ப பெரிய விஷயமா படுது. தினமும் அதுல உக்கார்றவருக்கு தெரியுற கோளாறு வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு தெரியவே தெரியாதுங்க.

நீங்களும் உங்க சேரை மாத்தலாம், தாராளமா. ஆனா சீட் குஷன்ல மட்டும் கை வைக்கிறப்ப கவனம், இடுப்புக்கு கீழ உணர்ச்சி இல்லாதவங்களுக்கு அழுத்தி புண்ணானாலும் வலி தெரியாது, புதுசா மாத்தினா முதல் சில நாள் யாரையாவது தோலை பாக்க சொல்லுங்க.