முதலில் கதவு, அப்புறம் ஸ்டீரியோ

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காரோடு வந்த ஸ்டீரியோவில் பாட்டுக்கு உயிரே இல்லை. ‘50 வாட்ஸ் × 4’ என்று போட்ட பெரிய டச் ஸ்கிரீன் செட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்த ‘50 × 4’ஐ நம்பிப் பணத்தைக் கொட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. காரின் மின்சாரம் இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 14.4 வோல்ட். கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம். உள்ளேயே வோல்டேஜை உயர்த்திக்கொள்ளும் ஒரு சில செட்களை விட்டுவிடுங்கள். மற்ற எதிலும் ஒரு ஸ்பீக்கருக்கு 26 வாட்ஸுக்கு மேல் சுத்தமான ஒலி வர வழியே இல்லை. 15 முதல் 20 வரை கிடைத்தாலே நல்ல செட். ஒலி அலை முழுக்கச் சிதைந்து கரகரவென்று அலறும்போது வருகிற எண்தான் அந்த 50. எந்த அட்டைப்பெட்டியை எடுத்தாலும் 45, 50, 55 என்றே இருப்பது இதனால்தான்.

நீங்கள் தேட வேண்டியது, சின்ன எழுத்தில் ‘ஆர்.எம்.எஸ்.’ (தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ்) அல்லது ‘சி.இ.ஏ-2006’ (வாட்ஸை அளப்பதற்கான தரநிலை) என்று போட்டிருக்கும் எண்ணை. சி.இ.ஏ-2006 என்றிருந்தால், 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு 1 சதவீதத்துக்குள் என்று ஒரே முறையில் அளந்தது அது. அதை வைத்துத்தான் இரண்டு செட்டை ஒப்பிட முடியும்.

ஆனால் உங்கள் காரில் உயிர் இல்லாததற்கு செட் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. முன்கதவின் டோர் பேடை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். உள்தகட்டில் கை நுழைகிற அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கும். அவற்றின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். ஸ்பீக்கரின் கோன் (நடுவில் அதிரும் கூம்பு) முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் அந்த ஓட்டை வழியாகச் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும். அதில் முதலில் காணாமல் போவது பாஸ், அதாவது கனமான அடி ஒலி. போதாததற்கு வெளித்தகடு தானும் சேர்ந்து அதிரும். பாஸ் உள்ள ஒரு பாட்டை வைத்துவிட்டுக் கதவின் வெளிப்பக்கம் உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள். சத்தம் மாறினால் சந்தேகமே வேண்டாம்.

வெளித்தகட்டின் உட்புறம் அலுமினியம் பூசிய பியூட்டைல் (அதிர்வை அடக்கும் ரப்பர்) ஷீட்டை ரோலர் போட்டு அழுத்தி ஒட்டுங்கள். உள்தகட்டு ஓட்டைகளையும் மூடுங்கள். கண்ணாடி ஏறி இறங்குகிற வழியில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கதவின் அடியில் மழைநீர் வடிகிற துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள், கதவு துருப்பிடிக்கும். ஸ்பீக்கரைச் சுற்றி ஒரு ஃபோம் வளையம் ஒட்டினால் ஒலி டோர் பேடுக்குப் பின்னால் ஒழுகாமல் நேராக உள்ளே வரும். இத்தனையும் செய்தபின் பழைய ஸ்பீக்கரே உங்களை ஆச்சரியப்படுத்தும்.

அடுத்தது ஸ்பீக்கர். செட் கொடுப்பது 20 வாட்ஸ்தான் என்பதால் சென்சிடிவிட்டி (அதே வாட்ஸில் எவ்வளவு சத்தம் தருகிறது என்ற அளவு) அதிகமுள்ளதாக எடுங்கள். 88 டெசிபல் ஸ்பீக்கருக்கும் 91 டெசிபல் ஸ்பீக்கருக்கும் உள்ள 3 டெசிபல் வித்தியாசம், ஆம்பின் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) வாட்ஸை இரட்டிப்பாக்கியதற்குச் சமம்.

அதற்கப்புறமும் செட்டை மாற்றத்தான் வேண்டும் என்றால் ஸ்கிரீன் எத்தனை அங்குலம் என்று பார்க்காதீர்கள். டைம் அலைன்மென்ட் (எல்லா ஸ்பீக்கரின் ஒலியும் ஒரே நேரத்தில் காதை எட்டச் செய்வது), ஹை பாஸ் ஃபில்டர் (ஓர் அளவுக்குக் கீழான பாஸைத் தடுப்பது), குறைந்தது 10 பேண்ட் ஈக்வலைசர் (ஒலியைப் பத்துப் பகுதியாகப் பிரித்து ஏற்றி இறக்குவது), பின்னால் ஆம்புக்குப் போக 4 வோல்ட் பிரீ-அவுட் (ஆம்புக்கு ஒலியை அனுப்பும் இணைப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். கையில் பிடித்துத் திருப்புகிற வால்யூம் குமிழ் இருந்தால் எனக்கு இன்னும் பிடிக்கும். ஓட்டும்போது கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டாம். கம்பெனி வயரை வெட்டாமல், உங்கள் காருக்கான கப்ளர் (அப்படியே பொருந்தும் பிளக்) வாங்கி மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: நல்ல ஸ்பீக்கராகப் பார்த்து மாட்டினேன். முன்பிருந்த பாஸ்கூட இப்போது இல்லை. ஸ்பீக்கர் டூப்ளிகேட்டா?

பதில்: இருக்காது. ஒரு பக்கம் பிளஸ்-மைனஸ் மாறியிருக்கும். பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் தள்ளிக் கேளுங்கள், அப்புறம் வலப்பக்கம். தனித்தனியாகக் கேட்கும்போது பாஸ் இருந்து, நடுவில் வைத்ததும் காணாமல் போனால் இதுதான் கோளாறு. செட்டிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, ஊஃபருக்கு (பாஸ் தரும் பெரிய ஸ்பீக்கர்) போகிற இரண்டு முனையிலும் ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். பிளஸ்ஸுக்கு பிளஸ் சரியாக இருந்தால் கோன் வெளியே தள்ளும். உள்ளே போனால் மாற்றிக் கொடுங்கள். ட்வீட்டரில் (மெல்லிய உச்ச ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: எல்லாம் புதிதாக மாட்டியாயிற்று. ஆனாலும் பாடுகிறவர் என் பக்கத்துக் கதவுக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல் இருக்கிறது. ஈக்வலைசரை எப்படி வைப்பது?

பதில்: ஈக்வலைசரைக் கடைசியில்தான் தொட வேண்டும். முதலில் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வையுங்கள். லவுட்னஸ், பாஸ் பூஸ்ட் ஆஃப். சப்ஊஃபர் (பாஸுக்கென்றே தனி ஸ்பீக்கர்) இருந்தால் கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் 80 ஹெர்ட்ஸ், சப்புக்கு லோ பாஸ் (அதற்கு மேலான ஒலியைத் தடுப்பது) அதே 80. சப் இல்லாவிட்டால் ஹை பாஸை 50 அல்லது 60க்கு இறக்குங்கள். சின்னக் கோனால் தள்ள முடியாத பாஸை அதன் தலையில் கட்டாமல் இருந்தாலே குரல் தெளியும்.

இப்போது குரல் கதவிலிருந்து வருகிற விஷயம். ஒரு டேப்பை எடுத்து, நீங்கள் உட்காரும் இடத்தில் உங்கள் காதிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து ஸ்பீக்கர் 90 செ.மீ., எதிர்ப்பக்கத்து ஸ்பீக்கர் 140 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒலி ஒரு மில்லிசெகண்டில் ஏறக்குறைய 34 செ.மீ. போகும். 50 செ.மீ. வித்தியாசம் என்றால் பக்கத்து ஸ்பீக்கர் ஒன்றரை மில்லிசெகண்ட் முந்திக்கொள்கிறது. முந்தி வருகிற பக்கத்தையே காது நம்பும். டைம் அலைன்மென்ட் மெனுவில் அந்த 1.5ஐப் பக்கத்து ஸ்பீக்கருக்குக் கொடுங்கள். தூரத்தையே கேட்கிற செட்டானால் அளந்ததை அப்படியே போடுங்கள். வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். குரல் டேஷ்போர்டின் நடுவுக்கு நகர்ந்திருக்கும். இந்த ஒரு மாற்றத்தைக் கேட்டவர்கள் பழைய நிலைக்குத் திரும்பியதை நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஈக்வலைசர். நீங்கள் மனப்பாடமாகக் கேட்ட ஒரு பாட்டை எடுங்கள். மிருதங்கம் இருந்தால் நல்லது. தொப்பியின் (இடப்பக்கத் தோல்) கும்கிச் சத்தம் ஏறி இறங்கி வழுக்க வேண்டும். எல்லா அடியும் ஒரே ‘தும்’ என்று கேட்டால் 100 முதல் 160 ஹெர்ட்ஸ் வரை எங்கேயோ தூக்கலாக இருக்கிறது. குரல் காதைக் குத்தினால் 2,500 முதல் 4,000 வரை. ‘ச’வும் ‘ஸ’வும் சீறினால் 5,000க்கு மேல். எந்த பேண்ட் என்று பிடிபடவில்லையா? ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். எதை ஏற்றும்போது தொந்தரவு அதிகமாகிறதோ அதுதான் குற்றவாளி. அதை 2, 3 டெசிபல் குறையுங்கள். ஏற்றுவதைவிடக் குறைப்பதே நல்லது: 3 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் இரண்டு மடங்கு வாட்ஸ் வேண்டும், உங்களிடம் இருப்பதோ 20.

சாலையில் டயர் சத்தம் பாஸைத்தான் முதலில் விழுங்கும். ஓட்டும்போது கேட்க என்று பாஸை 2 டெசிபல் கூட்டி இன்னொரு பிரீசெட்டில் சேமித்து வையுங்கள்.

கேள்வி: ப்ளூடூத்தா, யு.எஸ்.பி.யா?

பதில்: யு.எஸ்.பி.தான். ப்ளூடூத் பாட்டைச் சுருக்கித்தான் அனுப்பும்: சாதாரண எஸ்.பி.சி. முறையில் வழக்கமாக 328 கே.பி.பி.எஸ். (நொடிக்குக் கிலோபிட்) வரைதான், எல்.டி.ஏ.சி. முறை இருந்தால் 990 வரை போகும். ஓடும் வண்டியில் ப்ளூடூத் ஒன்றும் மோசமில்லை. ஆனால் போனின் வால்யூமை முழுக்க வைத்து, போனில் உள்ள ஈக்வலைசரை ஆஃப் செய்துவிடுங்கள். இரண்டு இடத்தில் ஈக்வலைசர் ஓடினால் எதைத் திருத்துகிறோம் என்றே தெரியாது.

கேள்வி: ஆம்ப் வைத்ததிலிருந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ‘ங்ஙீ...’ என்று ஒரு சத்தமும் கூடவே ஏறுகிறது.

பதில்: ஆல்டர்னேட்டர் சத்தம் அது. ஆம்பை அணைத்துவிட்டு ஆர்.சி.ஏ. வயரை (செட்டிலிருந்து ஆம்புக்கு ஒலியைக் கொண்டுவரும் வயர்) ஆம்பிலிருந்து பிடுங்கி, மறுபடி ஆன் செய்யுங்கள். சத்தம் நின்றால் செட்டின் எர்த்தையும் ஆர்.சி.ஏ. போகிற வழியையும் பாருங்கள். பவர் கேபிள் ஒரு பக்கம் போனால் ஆர்.சி.ஏ. மறுபக்கம்தான் போக வேண்டும். நிற்கவில்லை என்றால் ஆம்பின் எர்த். பெயின்டின் மேலேயே போல்ட் முறுக்கியிருப்பார்கள். தகடு பளபளவென்று தெரியும்வரை சுரண்டி, குட்டையான கேபிளால் இறுக்குங்கள். கையோடு இதையும் பாருங்கள்: பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் பவர் கேபிளில் ஃபியூஸ் இருக்கிறதா? இல்லாவிட்டால் அது போடும்வரை ஆம்பின் கேபிளை பேட்டரியிலிருந்து கழற்றி வையுங்கள். வழியில் எங்காவது கேபிள் உரசித் தகட்டில் பட்டால் வண்டியே தீப்பிடிக்கும்.