பின்வளவில நிண்டது நரியோ, நாயோ, ஓநாயோ?

தங்கச்சி, உங்கட கேள்வியை இண்டைக்குக் காலமை வாசிச்சனான், வாசிச்சுப்போட்டு சும்மா போக மனம் வரேல்ல, ஏனெண்டா நாங்கள் 2006ல ரொறன்ரோவில ஸ்காபரோவை விட்டிட்டு ஒன்ராறியோ மாகாணத்திலயே லின்ட்சே எண்ட ஊருக்கு வெளிய இந்தக் காணிப்பக்கம் வந்த முதல் மாரியில நானும் இதே கேள்வியோட நித்திரையில்லாமல் கிடந்தனான்.

நீங்கள் எழுதினது எனக்கு விளங்கினது இவ்வளவுதான்: கனடா வந்து நாலு மாசம், வீட்டுக்குப் பின்னால அறுத்து முடிஞ்ச சோளக் காணி, அதுக்கங்கால பத்தை. மூண்டு நாளா விடிய ஏழு மணி போல வேலிக்கு அங்கால ஒரு மிருகம் வந்து நிண்டு பாக்குது. நாய் மாதிரி ஆனா நாய் இல்லை, சாம்பலும் மண்ணிறமும் கலந்த நிறம், காது பெரிசு, கால் நீளம், வாலில முடியே இல்லாமல் எலிவால் மாதிரி. உங்கட அவர் ஆரோ விட்டிட்டுப் போன நாய் எண்டுறார், பக்கத்து வீட்டு மனுசி "கோய்வுல்ஃப்", கயோட்டியும் ஓநாயும் கலந்த சாமான் எண்டு சொல்லி வயித்தில புளியைக் கரைச்சுப்போட்டா, ஆறு வயசு மகன் ரோட்டுக்கரையில பஸ்ஸுக்கு நிக்கிறவன், வீடு மாறவேணுமோ?

வீடு மாறவேண்டாம். அது கயோட்டி, ஓநாயைவிடச் சின்னனான இஞ்சத்தைக் காட்டு நாய்ச் சாதி, அதுவும் சொறி பிடிச்ச கயோட்டி. நீங்கள் போட்ட படம் மங்கலாத்தான் கிடக்கு, எண்டாலும் அந்த வாலும் காதும் போதும்.

நீங்கள் மூண்டு இடத்தில "நரி" எண்டும் எழுதியிருக்கிறியள், அதைக் கொஞ்சம் சொல்லோணும். எங்கட நாட்டுக் காட்டில நாய்ச் சாதி எண்டா ஒண்டே ஒண்டுதான், நரி. ஓநாயும் இல்லை, செந்நாயும் இல்லை, அதெல்லாம் இந்தியாவில. இலங்கை நரிக்கு விஞ்ஞானப் பேரிலயே கடைசிச் சொல் "நரியா" எண்டுதான் இருக்கு, வேணுமெண்டா தேடிப்பாருங்கோ. பள்ளிக்கூடத்தில நரி எண்டா ஃபொக்ஸ் எண்டு பாடமாக்கிப்போட்டு வந்திட்டம், அது பிழை. எங்கட நரி ஜக்கால், அது கயோட்டிக்கும் ஓநாய்க்கும் கிட்டின சொந்தம். இஞ்சத்தை ஆக்கள் ஃபொக்ஸ் எண்டு சொல்றது வேற ஆள்: செம்மஞ்சள் நிறம், கறுப்புக் காலுறை போட்டமாதிரி கால், வால் நுனி வெள்ளை, நிறை 3 கிலோவில இருந்து 7 கிலோ மட்டில, ஒரு பெரிய பூனையைவிடக் கொஞ்சம் கூட எண்டு வையுங்கோ. அதுக்கு முன்னால ஆறு வயசுப் பிள்ளை ராட்சதன்.

இந்தச் சொல்லுப் பிழையால நான் ஒரு ஆட்டுக்குட்டிக்கு வினை வைச்சனான். எங்களுக்குப் பக்கத்துக் காணிக்காரக் கிழவர் செம்மறி வளர்க்கிறவர். வந்த வருசம் பங்குனி மட்டில அவற்ற வேலியோரம் ஒண்டைக் கண்டிட்டு, ஓடிப்போய் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில ஃபொக்ஸ் கண்டனான் எண்டு சொன்னன். மனுசன் நல்லது எண்டு தலையாட்டிப்போட்டு கோழிக்கூட்டு ஓட்டை ரெண்டை அடைச்சுப்போட்டு இருந்திட்டார். பத்து நாளால ஒரு குட்டி போச்சு, தொண்டையில கடி. பேந்துதான் நிறமென்ன, வால் நுனியென்ன, எவ்வளவு உயரம் எண்டு ஒவ்வொண்டாக் கேட்டார். எல்லாத்துக்கும் நான் சொன்ன மறுமொழி கயோட்டிக்குத்தான் பொருந்தினது. கோவிக்கேல்ல, ஆனா பாத்த பார்வை இண்டைக்கும் நினைவிருக்கு. நல்லகாலத்துக்கு இஞ்ச காட்டு மிருகம் சாகடிச்ச கால்நடைக்கு மாகாண அரசாங்கம் நட்டஈடு குடுக்கிற திட்டம் ஒண்டு இருக்கு, முனிசிப்பாலிட்டிக்கு அறிவிச்சா ஆள் வந்து செத்ததைப் பாத்து எழுதுவினம், அதில கொஞ்சம் அவருக்குக் கிடைச்சுது.

இனி அடையாளம். பெரிசு சிறிசு எண்டதை நம்பாதேங்கோ, மாரியில உடம்பு முடி தடிச்சு 15 கிலோச் சாமான் 30 கிலோ மாதிரித் தெரியும், சொறி பிடிச்சதெண்டா மறுவளமா முடி கொட்டி காலும் காதும் மட்டும் நீண்டுபோய் நிக்கும், உங்களுக்குத் தெரிஞ்சது அதுதான். ஓடேக்க வாலைப் பாருங்கோ. கயோட்டி வாலைக் கீழ தொங்கவிட்டுக்கொண்டு ஓடும், ஓநாய் முதுகுக்கு நேரா நீட்டிப் பிடிக்கும், நாய் கூடுதலா மேல தூக்கும். மூஞ்சி கயோட்டிக்கு ஒடுங்கிக் கூரா இருக்கும், ஓநாய்க்கு அகலம், காது தலைக்குச் சின்னனாத் தெரியும். வால் நுனி கயோட்டிக்குக் கறுப்பு, ஆனா உங்கட ஆளுக்கு வாலில முடியே இல்லையே, அதால அது உதவாது.

கோய்வுல்ஃப் கதை முழுப் பொய்யும் இல்லை, அதால சொல்றன். கயோட்டி உண்மையில மேற்குப் புல்வெளிச் சாமான். இந்தப் பக்கத்துக் காட்டை வெட்டி, ஓநாயைச் சுட்டும் நஞ்சு வைச்சும் ஒழிச்சுப்போட, வெறுமையாக் கிடந்த இடத்துக்கு 1900களின்ரை தொடக்கத்தில கயோட்டி கிழக்க நகர்ந்து வந்திருக்கு. வழியில மிஞ்சி நிண்ட ஓநாயோடயும், கொஞ்சம் வீட்டு நாயோடயும் கலந்திட்டுது. அதாலதான் ஒன்ராறியோக் கயோட்டி மேற்குக் கயோட்டியைவிடப் பெரிசு, தாடையும் அகலம். பாதிக்குப் பாதி எண்டு இல்லை, கூடின பங்கு கயோட்டிதான். பக்கத்து வீட்டு மனுசி சொன்ன பேர் ரீவிக்காரர் பிரபலமாக்கினது, பயப்பிடுத்த நல்ல பேர், அவ்வளவுதான்.

உண்மையான ஓநாய் இந்தப்பக்கம் வராதோ எண்டு கேட்பியள். அல்கொன்குயின் ஓநாய் எண்டு ஒண்டு இருக்கு, 2016ல ஒன்ராறியோ அதை ஆபத்தில இருக்கிற இனப் பட்டியலில போட்டது, அல்கொன்குயின் பார்க், கவார்த்தா ஹைலன்ட்ஸ் மாதிரிக் காட்டுப் பக்கத்தில வாழுது. அதுக்கும் பெரிய கயோட்டிக்கும் கண்ணால வித்தியாசம் பிடிக்க பழகின ஆக்களே திண்டாடுவினம், டிஎன்ஏ பாத்தாத்தான் முடிவு. 2018ல அமெரிக்காவில மொன்டானா மாநிலத்தில ஒரு பண்ணைக்காரர் சுட்ட மிருகத்தைப் பாத்து கால் கட்டை, காது பெரிசு, இது ஓநாயே இல்லை எண்டு ஊர் முழுக்கக் கதை, ஆதிகால மிருகம் எண்டுகூடச் சொல்லிச்சினம். டிஎன்ஏ பாக்க அது சாதாரண சாம்பல் ஓநாய், ரெண்டு மூண்டு வயசுப் பெட்டை. அதே மாதிரித்தான் டெக்சஸில ஆட்டு ரத்தம் குடிக்கிற சுபகாப்ரா எண்டு படம்படமாப் போட்டதும், சோதிச்சுப் பாத்ததில திரும்பத்திரும்ப முடி கொட்டின கயோட்டியாத்தான் வந்தது. முடி போனா எங்களுக்குப் பழகின மிருகமே பேய் மாதிரித் தெரியும். எங்கட நாயைக் குளிக்க வாத்து நனைஞ்சபடி நிக்க வைச்சுப் பாருங்கோ, அதுவே வேற ஆள்.

அந்தச் சொறி, தோலுக்குள்ள துளைச்சுப் போற ஒரு சின்ன உண்ணிப்பூச்சியால வாறது. கடிச்சுக் கடிச்சு, சொறிஞ்சு சொறிஞ்சு முடி போகும், குளிர் தாங்காது, வேட்டையாடப் பலம் இருக்காது, அதால வெயில் படுற இடம், சூடு வாற கட்டடம், சுகமாச் சாப்பாடு கிடைக்கிற இடம் தேடி வீட்டுக்குக் கிட்ட வரும், பகலிலயும் வரும். பகலில கண்டா விசர் (ரேபிஸ்) எண்டு இஞ்ச கனபேர் சொல்லுவினம், அது அப்பிடியில்லை, கயோட்டி பகலிலயும் திரியிறதுதான். விசர் எண்டா நடை தள்ளாடும், வட்டம் சுத்தும், பின்காலை இழுக்கும், வெருட்டினாலும் விளங்காது. ஒன்ராறியோவில 1989ல இருந்து ஆகாயத்தால தடுப்புமருந்து இரை போட்டு ஃபொக்ஸ் விசரை நல்லாக் குறைச்சுப்போட்டினம், ஆனா கடிபட்டா மட்டும் யோசிக்காதேங்கோ, உடன சவர்க்காரம் போட்டு 15 நிமிசம் கழுவிப்போட்டு எமெர்ஜென்சிக்குப் போங்கோ, பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அவையே அறிவிப்பினம். சொறி உங்கட நாய்க்கு ஒட்டும், நாய் இருந்தா அந்த வேலிப்பக்கம் விடவேண்டாம். மருந்து கலந்து இறைச்சி வைக்கலாம் எண்டு ஆராவது சொன்னா கேளாதேங்கோ, எது தின்னுதெண்டு உங்களுக்குத் தெரியப்போறதில்லை.

இப்ப பொடியன் விசயம். நானும் தேப்பன், அதால உள்ளதைச் சொல்றன். கயோட்டி ஆளைச் சாகடிச்சது மிக அரிது, 2009 ஒக்டோபரில நோவா ஸ்கோஷியா மாகாணத்தில கேப் பிரெட்டன் பார்க்கில தனிய நடந்துபோன 19 வயசுப் பாடகி ஒராளைச் சாகடிச்சதுதான் கனடாவில பெரிய ஆளுக்கு நடந்த ஒரே பதிவு. அதுக்காக விளையாட்டா எடுக்கவும் வேண்டாம், சாப்பாடு குடுத்துப் பழகின கயோட்டி சின்னப்பிள்ளையளை நுள்ளினது கடிச்சது அங்கயிங்க நடந்திருக்கு. பஸ் வருமட்டும் ஒராள் கூட நில்லுங்கோ, ஒரு மாசத்துக்கெண்டாலும். பொடியனுக்கு மூண்டு விசயம் சொல்லிக்குடுங்கோ: ஓடக்கூடாது, முதுகைக் காட்டக்கூடாது, கையை மேல தூக்கிக்கொண்டு கத்தோணும். எங்கட மகளுக்கு நான் ஒரு விசில் வாங்கிக் குடுத்தனான், அவள் அதை ஒருநாளும் கயோட்டிக்கு ஊதேல்ல, தம்பிக்குத்தான் ஊதினவள். நீங்கள் போகேக்க ஒரு குடை கொண்டு போங்கோ, பட்டெண்டு விரிச்சா பயந்து விலகும். தகரப் பேணிக்குள்ள சில்லறையைப் போட்டுக் குலுக்கினாலும் சரி. அது போய் மறையுமட்டும் வெருட்டோணும், அரைவாசியில நிப்பாட்டினா இவ்வளவுதானோ எண்டு திரும்ப வந்து நிக்கும்.

ஏன் உங்கட வேலிக்கே வருது எண்டதுக்கு மறுமொழி வளவுக்குள்ளதான் இருக்கும். எனக்கு மேப்பிள் மரத்தடியில இருந்தது. மிச்சச் சோறும் எலும்பும் காகத்துக்குப் போடுற பழக்கத்தில அங்க கொட்டிக்கொண்டு வந்தனான், மனுசி ரெண்டுதரம் சொல்லியும் கேக்கேல்ல. ஒருநாள் ஸ்னோ விழுந்த விடியப்புறம் குசினி யன்னலால பாக்க, பத்தைக்குள்ள இருந்து மரத்தடி மட்டும் தையல் மெஷினில அடிச்ச மாதிரி ஒரே நேர்கோட்டில காலடி, அங்கயிங்க விலகல் இல்லை, மரத்தடியில மட்டும் ஒரு வட்டம், பேந்து அதே கோட்டில திரும்பிப் போயிருக்கு. அண்டையோட காகத்துக்குச் சோறு நிண்டுபோச்சு. நீங்களும் பாருங்கோ: குருவிக்குத் தொங்கவிட்ட தீனி கீழ கொட்டிக் கிடக்குதோ (எலி வரும், எலிக்குப் பின்னால இது வரும்), விழுந்த அப்பிள், பூனைச் சாப்பாட்டுக் கோப்பை, பார்பிக்யூ எண்ணெய்த் தட்டு, முதல்நாள் இரவே வெளிய வைக்கிற குப்பை. பூனை இருந்தா உள்ள வையுங்கோ.

பிடிச்சுக்கொண்டுபோய்த் தூர விடச் சொல்லி ஆரையும் கூப்பிடவும் அவசரப்படாதேங்கோ, ஒன்ராறியோச் சட்டப்படி பிடிச்ச காட்டு மிருகத்தை 1 கிலோமீற்றருக்கு மேல கொண்டுபோய் விடேலாது, அந்தத் தூரம் அதுக்குக் காலமை நடை. வெருட்டியும் விலகாமல் கிட்டக்கிட்ட வந்தா, இல்லாட்டி நான் சொன்ன விசர்க் குணம் தெரிஞ்சா முனிசிப்பாலிட்டி மிருகக் கட்டுப்பாட்டுக்கு அடியுங்கோ, ஆளைக் கடிக்கிறமாதிரிப் பாய்ஞ்சா 911. மற்றும்படி தை மாசியில இரவில இருபது முப்பது நிண்டு ஊளையிடுற மாதிரிக் கேக்கும், அது அதுகள் சோடி சேருற காலம், ரெண்டு நிண்டாலே குரலை மாத்தி மாத்திப் பட்டாளம் மாதிரிக் காட்டுங்கள், அண்டைக்கு எனக்கு ஃபோன் எடுக்காமல் படுங்கோ.

உங்கட அவருக்கு இன்னும் நாயெண்டுதான் நினைப்பெண்டா, அடுத்த ஸ்னோ விழுந்த காலமை பொடியன் மிதிக்க முதல் வேலியடிக்குப் போய் ஒரு காலடிக்குப் பக்கத்தில ஒரு டூனிக் காசை (ரெண்டு டொலர்க் குத்தி) வைச்சு மேல இருந்து நேரா ஒரு படம் எடுங்கோ. டூனி 28 மில்லிமீற்றர் அகலம். அடி நீளம் ரெண்டு டூனிக்குக் கொஞ்சம் கூட, முட்டை மாதிரி ஒடுங்கினது, முன்னுக்கு ரெண்டு நகமும் நெருங்கி நிண்டா கயோட்டி. விரல் விரிஞ்சு வட்டமா, நடை அங்கயிங்க அலைஞ்சு போனா அவர் சொன்ன நாய். நாலு டூனி நீளத்துக்கு வந்தா எனக்குத்தான் முதல் அனுப்போணும், நான் வேலைக்கு லீவு போட்டிட்டு வந்து பாக்கிறன்.