வீட்டுக்கல்வியா பள்ளியா: பகலில் பையனோடு உட்காரப்போவது யார்?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான்காம் வகுப்பு முடிக்கப்போகும் மகனை ஜூன் மாதம் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்க வேண்டும் என்கிறார் உங்கள் கணவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான மாமனாரோ அந்தப் பேச்சு வந்தாலே சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்விடுகிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நீண்ட கடிதத்தில் எவ்வளவு தேடியும் கிடைக்காத விவரம் ஒன்று உண்டு: காலையிலிருந்து பிற்பகல் வரை பையனோடு உட்காரப்போவது யார்?

கணவருக்கு இரவுப் பணி, பகலில் தூக்கம். உங்களுக்குக் கூட்டுறவு வங்கியில் வேலை. கேட்டால் "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறாராம். நான் பார்த்த வீடுகள் பலவற்றில் வீட்டுக்கல்வி அப்பாவின் யோசனையாகத் தொடங்கி அம்மாவின் ராஜினாமாவில் முடிந்திருக்கிறது. ஆகவே கொள்கையைப் பிறகு பேசலாம், முதலில் ஒரு தாளில் நேர அட்டவணை எழுதச் சொல்லுங்கள். திங்கள் காலை கணக்கு யார், செவ்வாய் தமிழ் யார், உங்களுக்குத் தணிக்கை நடக்கும் வாரத்தில் யார் என்று பெயர் போட்டு எழுத வேண்டும். எழுத முடியவில்லை என்றால் விவாதம் அங்கேயே முடிந்தது.

மாமனாருக்குச் சட்டத்தைப் பற்றிய பயமும் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் விதிக்கவில்லை. அதனால் போலீஸ் வரும் என்று அஞ்ச வேண்டாம். ஆனால் பள்ளியிலிருந்து விலகும் பிள்ளையின் பெயர் எமிஸ் எனப்படும் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவேட்டில் தெரியும். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு நடக்கும்போது ஆசிரியர்கள் வீடு தேடி வந்து விசாரிக்கலாம். அவர்களிடம் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள், அது அவர்கள் வேலை. பையன் திரும்பப் பள்ளிக்குப் போக விரும்பினால், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு வழி செய்கிறது. அரசுப் பள்ளியில் இதற்குச் சிரமம் இருக்காது. தனியார் பள்ளி நுழைவுத் தேர்வு வைத்து அலைக்கழிக்கலாம்.

உங்கள் கணவரும் மாமனாரும் "பள்ளியே வேண்டாம்", "பள்ளிதான் வேண்டும்" என்று பன்னிரண்டு வருடத்துக்கும் சேர்த்துச் சண்டை போடுகிறார்கள். எந்த வாய்ப்பு எந்த வகுப்பில் கைவிட்டுப் போகிறது என்று பார்த்தால் சண்டை பாதியாகக் குறைந்துவிடும். ஐந்தாம் வகுப்பு வரை அநேகமாக எதுவும் போகாது. ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு மாறுகிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது அதற்கு அடிப்படை. கல்லூரிக்குப் போகும் மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளிப் படிப்பையோ அரசு உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழிப் படிப்பையோ கேட்பதுதான். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் உள்ள 20 சதவீத ஒதுக்கீடு முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியை எதிர்பார்க்கிறது. மெட்ரிக் பள்ளியில் ஆங்கில வழியில் படிக்கும் உங்கள் மகனுக்கு அது இப்போதே இல்லை, அதற்காகக் கவலைப்பட்டுப் பயனில்லை.

பிறகு பத்தாம் வகுப்பு. வீட்டிலேயே தொடர்ந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளிதான் பலரும் எடுக்கும் வழி. 14 வயது நிரம்பியவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். குறைந்தது ஐந்து பாடங்கள், பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும், ஒரே மூச்சில் எல்லாப் பாடத்தையும் எழுத வேண்டியதில்லை. இது மத்திய அரசின் தேர்வு வாரியம், "கள்ளச் சான்றிதழ்" இல்லை என்பதை மாமனாரிடம் சொல்லுங்கள். திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுதத் தடை இருந்த காலம் உண்டு. 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. எந்த வழியில் போனாலும் தமிழை ஒரு பாடமாக எடுக்க வையுங்கள். டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

என் கருத்து இதுதான். அட்டவணையில் கணவரின் பெயர் பாதியாவது இருந்தால் ஐந்தாம் வகுப்பு ஓராண்டை மட்டும் வீட்டில் நடத்திப் பார்க்கலாம். ஏப்ரலில் மூவரும் உட்கார்ந்து மறுபடி முடிவெடுங்கள். ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியையும் பரிசீலிப்போம் என்று மாமனாருக்கு இப்போதே வாக்குக் கொடுங்கள். அவருடைய கோபத்தில் பாதி, தான் ஆயுள் முழுக்க நம்பிய ஒன்றைச் சொந்த மகனே தூக்கி எறிகிறானே என்பதுதான். அவரையே தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுக்கக் கேட்டால் என்ன? மறுக்கலாம். மறுத்தாலும் கேட்டதற்கு மரியாதை உண்டு.

கடிதத்தின் கடைசியில், போகிறபோக்கில், பையனுக்குத் திங்கட்கிழமை காலைகளில் வயிறு வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியமாகப் பட்டது. முதலில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். உடம்பில் ஒன்றுமில்லை என்றால் வகுப்பில் யாராவது அடிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா, வாராந்தரத் தேர்வுக்குப் பயப்படுகிறானா என்று தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். அப்பாவும் தாத்தாவும் இல்லாத நேரத்தில் கேட்பது நல்லது. பிரச்சினை அந்த ஒரு பள்ளியோடு என்றால் பள்ளியை மாற்றினால் போதும். ஒரு வகுப்பாசிரியரிடமிருந்து தப்பிக்க வீட்டுக்கல்வியைத் தொடங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

வீட்டில் வைப்பதோ வேறு பள்ளியோ, எது முடிவானாலும் மே மாதத்துக்குள் மாற்றுச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். கட்டண பாக்கி இருந்தால் அதற்கு முன்பே பேசி முடியுங்கள். எமிஸ் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் மகனின் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றும் பிறப்புச் சான்றிதழோடும் ஆதாரோடும் ஒத்துப்போகின்றனவா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். பத்தாம் வகுப்பில் அதைத் திருத்த அலைவது பெரும்பாடு.